ஊசிக்கோபுரம் முதல் மணப்பாடு வரை: நெல்லைச் சீமையின் பழைய கோயில்களைப் பார்க்கும் முறை

நெல்லைச் சீமையில் கிறிஸ்தவ வரலாற்றைப் பார்க்க ஊர் ஊராகத்தான் போக வேண்டும். முக்கியமான பலவும் இன்றும் ஆராதனை நடக்கிற கோயில்களிலும், கல்லறைத் தோட்டங்களிலும், சேகர (பல சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவு) அலமாரிகளிலும் இருக்கின்றன. டிக்கெட் கவுண்டர் கிடையாது. போகிற நாளும் கேட்கிற முறையும் சரியாக இருந்தால்தான் கதவு திறக்கும்.

ஞாயிறு வேண்டாம். அசனப் பண்டிகை (சபையார் கூடி உண்ணும் விருந்து), பிரதிஷ்டைப் பண்டிகை (கோயில் அர்ப்பண நாள்), கல்யாணம் உள்ள நாளும் வேண்டாம். வார நாளில் காலை 9 மணிக்கு மேல் நல்லது. இரண்டு மூன்று நாள் முன்னதாகவே சேகர குருவானவரிடம் பேசிவிடுங்கள். சாவி வைத்திருப்பவர் வெளியூர் போயிருந்தால் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். செருப்பு வெளியே, பெண்கள் தலைக்கு முந்தானையோ துப்பட்டாவோ போட்டுக்கொள்வது வழக்கம். ஆல்டர் (பலிபீட) படிகளில் ஏறாதீர்கள்.

பாளையங்கோட்டைக்கு அரை நாள் போதும். முதலில் கிளாரிந்தா ஆலயம் (1785), பிறகு மிஷனரி ரேனியஸ் எழுப்பிய ஊசிக்கோபுரக் கோயில் (1826). இந்த வரிசையை மாற்ற வேண்டாம். 1780-இல் சபைப் பதிவில் இருந்தவர்கள் 40 பேர். முதல் பெயர், பின்னாளில் அந்த ஆலயத்தைக் கட்டிய கிளாரிந்தா. அவர்களுக்கு அந்தச் சின்னக் கோயிலே பெரிதாக இருந்திருக்கும். அங்கிருந்து நேரே ஊசிக்கோபுரத்துக்குள் நுழைந்தால், 41 ஆண்டுகளில் சபை எவ்வளவு பெருகியது என்பது கண்ணாலேயே தெரியும்.

இடையன்குடிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். திசையன்விளை வழியாகப் போகலாம். மிஷனரியும் தமிழறிஞருமான கால்டுவெல் 1841-இல் இங்கே வந்தார். 1847-இல் தொடங்கிய திரித்துவ ஆலயம் 1880-இல்தான் பிரதிஷ்டையானது. அந்த 33 ஆண்டு உழைப்பைப் பார்க்க வேண்டிய இடம் சன்னல்களின் கல்வேலை. அவர் உடலும் இந்தக் கோயிலுக்குள்ளேயே அடக்கம். அவர் வாழ்ந்த வீடு 2011 முதல் அரசு நினைவில்லம்; கோயிலையும் வீட்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

கல்வெட்டு வாசிப்பதில்தான் பலருக்கும் தடுமாற்றம். உச்சி வெயில் நேராக விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் இருக்காது, ஒன்றும் தெரியாது. காலை 8 மணிக்கு முன்போ மாலை 4-க்குப் பின்போ பாருங்கள். இல்லாவிட்டால் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். சாக்பீஸ், எண்ணெய், கம்பி பிரஷ் கூடவே கூடாது. எண்ணெய் கல்லுக்குள் இறங்கித் தூசியைப் பிடித்துவைக்கும், அடுத்து வருகிறவருக்கு எழுத்தே தெரியாமல் போகும். காய்ந்த மென்மையான பிரஷ் மட்டும் போதும். ஆண்டு தமிழ் எண்ணில் இருந்தால் 1826 என்பது ௧௮௨௬ என்றோ ௲௮௱௨௰௬ என்றோ இருக்கலாம். பழைய அச்சு வேதாகமங்களில் கொம்பு சுழித்த ‘லை’, ‘னை’ வரும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவம் அது. 1871-இல் வெளிவந்த பவர் திருப்புதல் (ஹென்றி பவர் தலைமையில் திருத்திய தமிழ் வேதாகமம்) கிடைத்தால் நின்று நிதானமாகப் பாருங்கள். அந்தக் குழுவில் கால்டுவெல்லும் இருந்தார்.

முன்னோரின் ஞானஸ்நானப் பதிவைத் தேடுகிறவர்கள் முதலில் ஊர் எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். என்ற இரண்டு ஆங்கிலேய மிஷன் சங்கங்களில் எதைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இடையன்குடி, முதலூர், சாயர்புரம், நாசரேத் எஸ்.பி.ஜி.; பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம் சி.எம்.எஸ். தேடல் தோற்பதற்குப் பெரும்பாலும் பெயர்தான் காரணம்: ஞானஸ்நானத்தில் பெயர் மாறியிருக்கும், ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப்பெயர் அடையாளமே தெரியாமல் திரிந்திருக்கும். ஆகவே தகப்பன் பெயர், ஊர், உத்தேசமாக எந்தப் பத்தாண்டு என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி, அனுமதி கேட்கும் கடிதத்தோடு குருவானவரிடம் கொடுங்கள். பழைய மை தாளையே அரித்திருக்கும். விரலில் எச்சில் தொடாமல், மேல் மூலையைப் பிடித்து இரு கையாலும் புரட்டுங்கள். குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும். படம் எடுக்கத் தனியாக அனுமதி கேளுங்கள். உயிரோடிருப்பவர்களின் விவரம் உள்ள பக்கத்தை எடுக்கவே வேண்டாம்.

கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் மணப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1581-இல் கட்டிய திருச்சிலுவைக் கோயிலும், புனித சவேரியார் தங்கிய குகையும் மணல்மேட்டில் உள்ளன. இது கத்தோலிக்கக் கோயில் என்பதால் அனுமதி கேட்க வேண்டியது பங்குத்தந்தையிடம். செப்டம்பர் 14 திருவிழா. அதை ஒட்டிய நாட்களில் கூட்டத்தில் எதையும் நின்று பார்க்க முடியாது. மேட்டில் நிழல் குறைவு, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும். திருச்செந்தூருக்குத் திரும்பும் பஸ் நேரத்தை மேலே ஏறுமுன் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.