நீண்ட பைக் பயணம்: சுமையை எங்கே வைப்பது, எப்படிக் கட்டுவது?

என் முதல் நீண்ட பயணத்தில் கூடாரத்தையும் கருவிப் பெட்டியையும் கேரியரின் கடைக்கோடியில் வைத்துக் கட்டினேன். மெதுவாக ஓட்டியவரை ஒன்றும் தெரியவில்லை. வேகம் 80ஐத் தாண்டியதும் ஹேண்டில்பார் நடுங்கத் தொடங்கியது. பிரேக்கை அழுத்திப் பிடிக்காமல் மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரம்கட்டினேன். அங்கேயே எல்லாவற்றையும் அவிழ்த்து, இடம் மாற்றிக் கட்டினேன். எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை, நடுக்கம் மட்டும் போய்விட்டது. அன்று கற்றதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

1. எடையைக் கணக்கிடுங்கள்

பைக்குடன் வந்த கையேட்டில் அதிகபட்ச மொத்த எடை இருக்கும். அதிலிருந்து வண்டியின் எடையைக் கழியுங்கள். மொத்தம் 350 கிலோ, வண்டி 180 கிலோ என்றால் மீதி 170. ஓட்டுபவர் 75, பின்னால் அமர்பவர் 65 என்றால் சாமானுக்கு 30 கிலோதான். ஹெல்மெட், ஜாக்கெட், காலிப் பைகள் எல்லாம் இந்த 30க்குள் அடக்கம்.

2. தரையில் பரப்பிப் பிரியுங்கள்

கனமானவை, லேசானவை, அடிக்கடி தேவைப்படுபவை என மூன்று குவியல் போதும். எதற்கு எடுத்தோம் என்று யோசிக்க வைக்கும் பொருளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

3. இடம் ஒதுக்குங்கள்

இதில் அவசரம் வேண்டாம். பின்சக்கர அச்சுக்குப் பின்னால் ஏறும் எடை, சீசா பலகையின் ஒரு முனையில் உட்கார்வது போல, முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். முன்சக்கரத்தின் பிடி தளர்ந்தால் ஹேண்டில்பார் நடுங்கும். வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. உயரத்தில் ஏற்றிய எடையோ, மெதுவாகத் திரும்பும்போது வண்டியைச் சாய்த்துவிடும். ஆகவே கனமானவை தாழ்வாகவும், ஓட்டுபவருக்கு நெருக்கமாகவும் இருக்க வேண்டும். கருவிகள், தண்ணீர், அடுப்பு போன்றவை பக்கவாட்டுப் பைகளின் அடியில், முன்பக்கம் ஒட்டி இருக்கட்டும். ஸ்லீப்பிங் பேகும் துணிகளும் பின்னால் போகலாம். பெட்ரோல் டேங்க் மேல் மாட்டும் டேங்க் பையில் ஆவணம், கேமரா, மழைக்கோட்டு. அதை மாட்டியபின் ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, எங்கும் இடிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரு பக்கப் பைகளையும் தொங்கு தராசில் நிறுத்துப் பாருங்கள். வித்தியாசம் 1 கிலோவைத் தாண்ட நான் விடுவதில்லை. சைலன்சர் பக்கப் பைக்கும் குழாய்க்கும் நடுவே இடைவெளி கட்டாயம். துணியும் பிளாஸ்டிக்கும் அந்தச் சூட்டில் உருகிவிடும்.

முதுகுப் பையில் கனத்தையோ கூரான பொருளையோ சுமக்காதீர்கள். விழுந்தால் அது முதுகெலும்பைத்தான் பதம் பார்க்கும்.

4. கட்டுங்கள்

எலாஸ்டிக் கயிற்றை மட்டும் நம்பக் கூடாது. பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது அது இழுபட, பை நகர்ந்துவிடும். பக்கிள் வைத்த நாடாப் பட்டைதான் என் தேர்வு. அதைக் கேரியரிலோ சட்டத்திலோ மாட்டுங்கள், இண்டிகேட்டர் தண்டில் அல்ல. இறுக்கியபின் மிஞ்சும் நுனியைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுப் பட்டைக்கு அடியில் செருகுங்கள். தொங்கும் நுனியைக் காற்று இழுத்துப்போய்ச் செயினிலோ சக்கரத்திலோ சிக்கவைத்தால், ஓடும் வேகத்தில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். சுமை கட்டுவதில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான்.

பிறகு பையைப் பிடித்து உலுக்குங்கள். பையோடு வண்டியும் சேர்ந்து ஆடினால் கட்டு சரி. பை மட்டும் ஆடினால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். பின்விளக்கும் எண் பலகையும் மறையக் கூடாது.

5. வண்டியைச் சுமைக்குத் தயார் செய்யுங்கள்

டயர் குளிர்ந்திருக்கும்போது, முழுச் சுமைக்குக் கையேடு சொல்லும் அளவு காற்று நிரப்புங்கள். பின் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை அதற்கேற்ப இறுக்குங்கள். செயின் தொய்வையும் பாருங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் முன்விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும், அதையும் இறக்குங்கள்.

6. ஓட்டிப் பாருங்கள்

கிளம்புவதற்கு முந்தைய நாளே முழுச் சுமையுடன் 10 கிலோமீட்டர் போய் வாருங்கள். பிரேக் பிடித்தால் வண்டி நிற்க முன்பைவிட அதிக தூரம் ஆகும். அதை உடம்பு உணர்ந்துகொள்ளட்டும். பயண நாளில் முதல் 20 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்துங்கள். குலுங்கிக் குலுங்கித் துணிப் பைகள் அமுங்கியிருக்கும், பட்டைகள் தளர்ந்திருக்கும். ஒவ்வொன்றாகக் கையால் இழுத்துப் பார்த்து, இறுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.