"விலைக்கு இன்பொக்ஸ் வரவும்": பேஜ் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய பிழைகள்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் புதிய பேஸ்புக் பேஜ்களுக்குக் குறைவில்லை. கேக் செய்பவர், கைத்தறி விற்பவர், பாசிக்குடாவில் நாலு அறை கட்டி வாடகைக்கு விடுபவர் என்று எல்லோரும் வந்துவிட்டார்கள். முதல் மாதம் தினமும் போஸ்ட் வரும். மூன்றாம் மாதம் பண்டிகை வாழ்த்து மட்டும் வரும். அப்புறம் அதுவும் நின்றுவிடும். நிறுத்தியவரைக் கேட்டால், "என்னத்தப் போடுறதெண்டு தெரியல்ல" என்பார்.

அந்தக் கேள்விக்குத் தொடங்கும் முன்பே பதில் தேடிவைப்பதைத்தான் கொன்டென்ட் ஸ்ட்ரெட்டஜி என்கிறோம். யாருக்காக எழுதுகிறோம், வாங்குவதற்கு முன் அவருக்கு என்னவெல்லாம் தெரிய வேண்டும், அதை எங்கே வைத்தால் அவர் கண்ணில் படும், யார் எழுதுவது, எழுதியதை யார் திருத்துவது. இவ்வளவுதான். இந்தத் தொழில் இங்கே தொடங்கிய காலத்தில் எங்கள் எல்லோரிடமும் இருந்த அதே பிழைகளை, இப்போது வரும் பிள்ளைகளும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. மங்கலான படம், எழுத்துப்பிழை, இவையெல்லாம் சொல்லாமலே தெரியும். விட்டுவிடுகிறேன்.

விலையை மறைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஆகக் கூடிய நட்டமும் இதில்தான்.

மருதமுனைக் கைத்தறிச் சேலை ஒன்றின் படம். காலை வெயிலில் முந்தானையை விரித்து, நெசவு தெரிய, அருமையாக எடுத்திருக்கிறார்கள். கீழே ஒரே வரி: "அழகிய கைத்தறிச் சேலைகள். விலைக்கு இன்பொக்ஸ் வரவும்." கொமென்டில் வரிசையாக "விலை?", "பிரைஸ்?", "கொழும்புக்கு அனுப்புவீங்களா?" ஒவ்வொன்றுக்கும் கீழே "இன்பொக்ஸ் பாருங்கள்" என்று பதில்.

கேட்பவர் யார் என்று ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். கட்டாரில் வேலை செய்யும் ஒருவர் இரவு பத்து மணிக்கு அறைக்கு வந்து போனை எடுக்கிறார். பெருநாளைக்கு உம்மாவுக்கு ஒரு சேலை எடுக்க வேண்டும். அப்போது மருதமுனையில் நேரம் பன்னிரண்டரை. கடைக்காரர் உறக்கத்தில். காலையில் அவர் பதில் போடும்போது கேட்டவர் வேலைத்தளத்தில் நிற்கிறார். இரவு திறந்து பார்த்தால், விலைக்குப் பதிலாக "எந்தச் சேலை?" என்ற கேள்வி வந்திருக்கிறது. விலை ஒன்றைத் தெரிந்துகொள்ள இரண்டு நாள். அதற்குள் விலை போட்டிருந்த வேறொருவரிடம் அவர் வாங்கி முடித்திருப்பார். போனவர் போனதுகூடக் கடைக்குத் தெரியாது.

இதைச் சொன்னபோது ஒரு கைத்தறிக் கடை முதலாளி, "விலையப் போட்டா மத்தக் கடக்காரன் பாத்துருவான் தம்பி" என்றார்.

"பாக்கட்டும் காக்கா. அவர் தன்ட மச்சான்ட போன்ல இருந்து ஒரு மெசேஜ் போட்டா அவருக்கும் நீங்களே விலை சொல்லிருவீங்கதானே?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நூல் விலை ஏறினா?" என்று கேட்டார்.

அந்தப் பயம் நியாயமானது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து இரண்டே மாதத்தில் 360 வரை ஏறியதைக் கண்ட எந்த வியாபாரியும் அதை மறக்கமாட்டார். போன வாரம் போட்ட விலையில் இந்த வாரம் விற்றால் முதலே போய்விடும் என்ற நிலை. ஆனால் அதற்கு மருந்து விலையை மறைப்பது ஆகாது. விலையோடு திகதியையும் போடுவதுதான். "இந்த விலை ஜூன் 30 வரை" என்று எழுதினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். நெசவுக்கு ஏற்ப விலை மாறும் என்றால், எந்த விலையிலிருந்து எந்த விலை வரை என்றாவது எழுதுங்கள்.

இன்னொரு காரணமும் சொல்வார்கள். வகுப்புகளில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் சொல்வது: "கொமென்ட் கூடினா பேஸ்புக் கூடப் பேருக்குக் காட்டும்." பாதி உண்மை. 2018 ஜனவரியில் பேஸ்புக் தன் ஃபீடை மாற்றி, பேஜ்களின் போஸ்டைவிட நண்பர்கள், உறவினர்களுக்கிடையிலான உரையாடலுக்கு முதலிடம் கொடுத்தது. ஆனால் வேண்டுமென்றே கொமென்ட் வாங்குவதற்காகப் போடும் போஸ்டுகளைக் கீழே தள்ளுவதாக அதற்கு முந்திய மாதமே அறிவித்துவிட்டது. அதை விடுங்கள். உங்களுக்கு வேண்டியது கொமென்டா, ஓடரா? விலை கேட்டுவிட்டுக் காத்திருக்கும் ஒரு மனிதரை, எண்ணிக்கை காட்டுவதற்காக நிறுத்திவைப்பது சரியான காரியமா?

அந்தக் கடையில் ஒரு தங்கச்சி நாள் முழுவதும் போனும் கையுமாக அதே ஆறு கேள்விகளுக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தார். மெசேஜ் குவிவதைப் பார்த்து, வியாபாரம் சூடாக இருக்கிறது என்று முதலாளிக்கு நம்பிக்கை. பில் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், கேட்டவர்களில் வாங்கியவர்கள் மிகச் சிலரே என்பது தெரிந்தது. உடனே அந்த ஆறு கேள்விகளுக்குமான பதிலை ஒரே போஸ்டாக எழுதினோம்: விலை, சேலையின் நீளம், பிளவுஸ் துண்டு சேர்ந்ததா, சாயம் போகுமா, எத்தனை நாளில் வீட்டுக்கு வரும், கையில் கிடைத்த பிறகு காசு கொடுக்கலாமா. அதைப் பேஜின் உச்சியில் பின் செய்தோம். வட்ஸ்அப் பிஸ்னஸில் கெட்டலொக் என்று ஒரு வசதி இருக்கிறது. அதிலும் ஒவ்வொரு சேலைக்கும் விலையோடு படத்தை ஏற்றினோம். மெசேஜ் குறைந்தது. வந்த மெசேஜோ, "இதே டிசைன்ல நீலம் இருக்கா?", "ரெண்டு எடுத்தா அனுப்புற கூலி எவ்வளவு?" என்று வந்தது. அவை வாங்க முடிவெடுத்தவர் கேட்கும் கேள்விகள்.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவரிடம் நான் முதலில் கேட்பது ஒரு சீ.ஆர். கொப்பி. மேசையில் வையுங்கள். கடைக்கு வருபவர், அழைப்பு எடுப்பவர், மெசேஜ் போடுபவர் யார் என்ன கேட்டாலும், அவர் கேட்ட சொல்லிலேயே எழுதுங்கள். இரண்டு கிழமையில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும். அடுத்த மூன்று மாதம் என்ன போடுவது என்ற திட்டம் அந்தக் கொப்பிக்குள்ளேயே இருக்கிறது.

சரக்கைப் பற்றியே பேசுவது

அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கம் கிருமிநாசினிக் கடைகளின் பேஜைப் பார்த்தால் போத்தல் படம்தான். விவசாயிக்கு வேண்டியது வேறு. தன் வயலில் வட்ட வட்டமாகக் கருகுவது அறக்கொட்டிப் பூச்சியாலா, வேறெதனாலுமா என்பது அவருக்குத் தெரிய வேண்டும். "வரம்பில் நின்று பார்த்தால் தெரியாது. பயிரை விலக்கி, தண்ணீருக்குச் சற்று மேலே அடித்தண்டைப் பாருங்கள். யூரியாவை அளவுக்கு மிஞ்சிப் போட்ட வயலில் கூடுதலாக இருக்கும்" என்று அடித்தண்டின் படத்தோடு பெரும்போகத்தில் ஒரு போஸ்ட் போடுங்கள். அதைப் படித்தவர் மருந்து வாங்க எந்தக் கடைக்குப் போவார்?

இது புதிய யோசனையும் இல்லை. அமெரிக்காவில் ஜோன் டியர் என்ற கலப்பைக் கம்பனி, விவசாயிகளுக்கென்று 1895இலேயே ஒரு சஞ்சிகை தொடங்கியது. பயிர்ச்செய்கையைப் பற்றித்தான் அதில் எழுதினார்கள். அது இன்றும் வெளிவருகிறது.

எல்லாத் தளத்திலும் கணக்குத் திறப்பது

வேண்டாம். வாடிக்கையாளர் இருக்கும் ஓரிடத்தை ஒழுங்காகச் செய்யுங்கள்.

படத்துக்குள் எழுத்தை அடைப்பது

முக்கியமான தகவல் எல்லாவற்றையும் டிசைனரிடம் கொடுத்து ஒரு போஸ்டருக்குள் போட்டுவிடுவார்கள். வெளியே எழுத்தாக ஒரு வரியும் இருக்காது. கண் தெரியாதவரின் போன் அதை வாசித்துச் சொல்லத் திணறும். முகவரியைக் கொப்பி எடுக்கவும் முடியாது. சிலர் பாமினி எழுத்துருவில் தட்டியதை அப்படியே இணையத்தளத்தில் ஒட்டிவிடுகிறார்கள். பாமினி திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். கூகுளில் தமிழில் தேடுபவருக்கு அது அகப்படாது. போனும் கூகுளும் தமிழாகவே அறியும் யூனிகோடில் தட்டுங்கள். போஸ்டரில் உள்ளதை அதன் கீழே எழுத்திலும் போடுங்கள்.

பதில் இல்லாத போஸ்டை பூஸ்ட் பண்ணுவது

விலையும் விவரமும் இல்லாத போஸ்டைக் காசு கட்டிப் பலருக்குக் காட்டுவது ஏமாற்றத்தைப் பரப்புவது.

சீசன் வந்த பிறகு தொடங்குவது

அறுகம்பேயில் அலைச்சறுக்கலுக்கு ஆட்கள் வருவது ஏறத்தாழ ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை. மே மாதம் அறைக்குப் பெயின்ட் அடித்து, அதற்குப் பிறகு பேஜ் தொடங்குகிறார்கள். ஐரோப்பாவிலிருந்து வருபவர் விமானச் சீட்டு எடுத்து, தங்கும் இடத்தையும் அதற்குப் பல வாரம் முன்பே பார்த்திருப்பார். இங்கே வாடைக்காற்று மழை பெய்து அறைகள் வெறுமையாகக் கிடக்கும் டிசம்பர், ஜனவரிதான் உங்களுக்கு எழுதும் காலம். கொழும்பிலிருந்து பொத்துவிலுக்கு எப்படி வருவது, பலகை வாடகைக்கு எங்கே கிடைக்கும், புதிதாகப் பழகுபவருக்கு எந்த அலை ஏற்றது என்பதையெல்லாம் அப்போதே எழுதி ஏற்றிவிடுங்கள்.

பழையதைத் திருத்தாமல் விடுவது

நோன்பு காலத்துக்கென்று மாற்றிய திறக்கும் நேரம், பெருநாள் முடிந்து பல மாதமாகியும் கூகுளில் அப்படியே கிடக்கும். பகலில் கடை பூட்டு என்று நினைத்து ஆட்கள் காத்தான்குடியைத் தாண்டிப் போய்விடுவார்கள். மாதம் ஒரு தடவை உங்கள் கடையின் பெயரை நீங்களே தேடி நேரம், தொலைபேசி எண், விலை மூன்றையும் வாசியுங்கள்.

பேஜை அடுத்தவர் கணக்கில் திறப்பது

கடையில் நின்ற பையன் தன் கணக்கிலிருந்து பேஜைத் திறந்து கொடுத்திருப்பான். அவன் சவூதிக்குப் போவான், பழைய சிம் போய்விடும், பாஸ்வேர்ட் மறந்துபோகும். இத்தனை வருடப் படங்களும் வாடிக்கையாளர் எழுதிய நல்ல வார்த்தைகளும் கண்முன்னே இருக்கும், ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. மட்டக்களப்பில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பேக்கரிக்கு இது நடந்தது. அவர்கள் வேறு பெயரில் முதலிலிருந்து தொடங்கினார்கள், பழைய பேஜில் பழைய நம்பர் இன்னும் இருக்கிறது. பையன் நல்ல பையன்தான், அவனில் குறை இல்லை. பேஜின் செட்டிங்கில் முழு அதிகாரத்தோடு உங்கள் கணக்கையும் வீட்டில் இன்னொருவரின் கணக்கையும் இன்றைக்கே சேர்த்துவிடுங்கள், அவன் கடையில் நிற்கும்போதே.