மாருதி 800-க்கு நாமே செய்யும் ஸ்ட்ரட் பார்

மாருதி 800 முதன்முதலில் வாடிக்கையாளர் கைக்குப் போனது 1983 டிசம்பர் 14 அன்று. 2014 ஜனவரியில் அதன் தயாரிப்பே நின்றுவிட்டது. இன்றும் அதை ஆசையாக வைத்து ஓட்டுபவர்களுக்காகத்தான் இந்தச் செய்முறை.

800-க்குத் தனியாக சேஸிஸ் கிடையாது. மடக்கி வெல்டு செய்த தகட்டு உடம்புதான் எல்லா பாரத்தையும் தாங்குகிறது. முன்சக்கரங்கள் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டில் நிற்கின்றன. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்தான் ஸ்ட்ரட். எர்ல் மெக்ஃபெர்சன் என்ற பொறியாளரின் அமைப்பு அது. 1950-இல் வந்த ஃபோர்டு கான்சல் அதோடு வந்த ஆரம்பகால கார்களில் ஒன்று. ஸ்ட்ரட்டின் தலை, பானெட்டுக்குள் இரண்டு பக்கமும் மேடாகத் தெரியும் டவரில் மாட்டியிருக்கும். வளைவில் திரும்பும்போது அந்தத் தலை பக்கவாட்டில் தள்ளும், டவர் கொஞ்சம் அசையும், சக்கரத்தின் சாய்மானமும் கூடவே மாறும். இரண்டு டவர்களையும் ஒரு இரும்புக் குழாயால் கட்டிவிட்டால் ஒன்றின் பாரத்தை மற்றதும் பகிர்ந்துகொள்ளும். இந்தப் பார் செய்யும் வேலை இவ்வளவுதான்.

அதனால் முதலில் டவரைப் பாருங்கள். சுற்றிலும் உள்ள வெல்டிங் ஓரங்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். துரு உதிர்ந்து முனை உள்ளே இறங்கினால் பார் வேலையை நிறுத்திவிட்டு டவரைச் சரிசெய்யுங்கள். ஸ்ட்ரட் மவுண்ட் ரப்பர், கீழ்க்கை (சக்கரத்தை அடியில் பிடிக்கும் கை) ரப்பர் புஷ், டயர் எல்லாம் நல்ல நிலையில் இருக்க வேண்டும். தேய்ந்துபோன புஷ்ஷை எந்தப் பாராலும் சரிக்கட்ட முடியாது.

அமைப்பு இதுதான்: ஒவ்வொரு டவரின் மேலும் ஒரு தகடு, இரண்டு தகடுகளையும் இணைக்கும் ஒரு குழாய். தேவையானவை: 5 மி.மீ. தடிமன் இரும்புத் தகடு, 25 மி.மீ. வெளிவிட்டமும் 2 மி.மீ. சுவரும் உள்ள குழாய், குழாய் முனைகளில் வெல்டு செய்ய 10 மி.மீ. துளை உள்ள இரண்டு தடித்த இரும்பு புஷ், 8.8 தர (வலிமைக் குறியீடு) 10 மி.மீ. போல்ட் இரண்டு, புதிய லாக் நட்டுகள், தடித்த அட்டை. வெல்டிங் தெரியாதவர்கள் தகட்டையும் குழாயையும் வெட்டித் தயாராக்கி, பட்டறையில் கொடுத்து வெல்டு செய்துகொள்ளலாம்.

இனி வருவதை இரண்டு முறை படியுங்கள். டவரின் உச்சியில் இரண்டு வகை நட்டு இருக்கும். ஓரத்தில் இருக்கும் சிறிய நட்டுகள் ஸ்ட்ரட் மவுண்ட்டை டவரோடு பிடிக்கின்றன. நடுவில் இருக்கும் ஒற்றை நட்டு, அழுத்தி வைத்த காயில் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நடு நட்டில் ஸ்பேனரே வைக்காதீர்கள். அது கழன்றால் ஸ்பிரிங் வெடித்துப் பாயும், உயிரே போகலாம். ஓர நட்டுகளைக் கழற்றும்போதும் ஜாக்கி போடக் கூடாது. நான்கு சக்கரமும் சமதரையில் நிற்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். வண்டியின் எடையே ஸ்ட்ரட்டை டவரோடு அழுத்தி வைத்திருக்கும். ஒரு பக்கத்தை முடித்து நட்டைப் போட்ட பிறகுதான் அடுத்த பக்கம்.

ஓர நட்டுகளைக் கழற்றினால் மரையோடு நீட்டிக்கொண்டிருப்பவைதான் ஸ்டட்கள். தகட்டையும் இவற்றில்தான் மாட்டப்போகிறோம். அட்டையை டவர் மேல் வைத்து ஸ்டட்கள் இருக்கும் இடத்தில் அழுத்துங்கள், தடம் பதியும். அதைத் துளையிட்டு மாட்டிப் பாருங்கள். நடுவில் நடு நட்டுக்கும் அதன் மூடிக்கும் தாராளமாக வட்டம் வெட்டுங்கள். இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி அட்டை எடுத்து 'இ', 'வ' என்று எழுதி வையுங்கள். பழைய வண்டியில் இரண்டு டவரும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பக் கூடாது.

அட்டை சரியாக உட்கார்ந்தால் அதைத் தகட்டில் வரைந்து வெட்டி, ஓரங்களை அரத்தால் மழுக்குங்கள். தகடு போட்ட பிறகு ஸ்டட்டின் மரை நட்டுக்கு மேலே இரண்டு சுற்றாவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் 3 மி.மீ. தகடு எடுத்து ஓரத்தை மேல்நோக்கி மடக்குங்கள். மடிப்பு அதற்கு விறைப்பு கொடுக்கும். அரைகுறையாக மரை பிடித்த நட்டோடு வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள்.

அப்புறம் குழாயின் பாதை. நேர்க்குழாய்தான் நல்லது. வளைத்த குழாய் பாரம் வந்தால் வில் போல வளைந்துகொடுக்கும், பிறகு கட்டியும் பயனில்லை. என் வண்டியில் ஏர் ஃபில்டர் வழியில் நின்றது. குழாயை வளைக்காமல், தகட்டின் காதுகளை (குழாயைப் பிடிக்கத் தகட்டின் மேல் நிமிர்த்தி வெல்டு செய்யும் துண்டுகள்) கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்து நேராகவே கொண்டுபோனேன். என்ஜின் ரப்பர் மவுண்ட்டில் ஆடும் என்பதால் சுற்றிலும் 20 மி.மீ. இடைவெளி விடுங்கள். பானெட் இடிக்குமா என்று பார்க்க, குழாய் மேல் சப்பாத்தி மாவு உருண்டைகளை வைத்து பானெட்டை மெதுவாக மூடித் திறங்கள். மிச்சமிருக்கும் மாவின் உயரம்தான் உங்கள் இடைவெளி.

ஒவ்வொரு தகட்டிலும் இரண்டு காதுகள், அவற்றின் நடுவே குழாய் முனையில் வெல்டு செய்த புஷ், குறுக்கே 10 மி.மீ. போல்ட். இந்தத் துளைகளில் துளியும் ஆட்டம் இருக்கக் கூடாது. அரை மி.மீ. லூஸ் இருந்தாலும் டவர் அசையும் அந்தச் சிறு தூரத்தை அதுவே விழுங்கிவிடும். 9.5 மி.மீ.-இல் துளைத்து, ரீமர் (துளையைத் துல்லியமாக அகலப்படுத்தும் கருவி) போட்டு 10 ஆக்கச் சொல்லுங்கள்.

நீளத்தை வண்டியில் வைத்தே எடுக்க வேண்டும். தகடுகளை மாட்டி நட்டை இறுக்கிவிட்டு, ஒரு முனைப் புஷ் மட்டும் வெல்டு ஆன குழாயைப் பொருத்தி, மறுமுனையைக் கோடு கிழித்து வெட்டுங்கள். சிலர் வண்டியிலேயே டேக் வெல்டிங் (தற்காலிகமாக ஒட்ட வைக்கும் புள்ளி வெல்டு) போடுவார்கள். கார்பரேட்டரும் பெட்ரோல் குழாயும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது எனக்கு அது ஒப்பவில்லை. அளவைக் குறித்துக்கொண்டு வெளியே வெல்டு செய்யுங்கள். காதுகளின் இடத்தைத் தகட்டில் பஞ்ச் வைத்துக் குறித்தால் வெல்டிங்கின்போது நகராது.

முழு வெல்டிங் ஆறியதும் மாட்டிப் பாருங்கள். போல்ட் கையால் தள்ளினாலே உள்ளே போக வேண்டும். சுத்தியல் கேட்டால் நீளம் தவறு என்று அர்த்தம். தட்டி ஏற்றினால் டவர் நிரந்தரமாக இழுபட்டு நிற்கும். சரியாக வந்தால் கழற்றி பிரைமரும் பெயிண்ட்டும் அடியுங்கள். தகட்டின் அடிப்பக்கத்தை மறக்காதீர்கள், தண்ணீர் தங்குவது அங்கேதான். ஆனால் நட்டு உட்காரும் இடத்தில் தடித்த பெயிண்ட் வேண்டாம்; அது நசுங்கி நட்டு தளரும்.

கடைசியாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு ஓர நட்டுகளை இறுக்குங்கள். வீல் அலைன்மென்ட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஏனென்றால் ஸ்ட்ரட் தலை கொஞ்சம் நகர்ந்திருக்கலாம். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டையும் மறுபடி சோதித்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயிண்ட் கோடு போட்டு வையுங்கள். எது நகர்ந்தாலும் பானெட்டைத் திறந்ததும் தெரியும்.