சேலை பார்சலுக்கு அட்டைப்பெட்டி வேண்டாம்

ஆன்லைனில் விற்ற காட்டன் சேலை, சுடிதாரை அட்டைப்பெட்டியில் அடைக்காதீர்கள். பிளாஸ்டிக் கவரில் வைத்து, உள்ளங்கையால் அழுத்திக் காற்றை வெளியேற்றி ஒட்டிவிட்டு, அளவான கூரியர் கவரில் போட்டு அனுப்புங்கள்.

பல கூரியர்கள் எடை, பருமன் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு வாங்குகின்றன. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் பருமனுக்கான எடை கிலோவில் வரும்; இதுதான் வழக்கமான கணக்கு. 600 கிராம் சேலையை 30×25×10 பெட்டியில் வைத்தால் ஒன்றரைக் கிலோவுக்குக் கட்டணம். அதையே 3 செ.மீ. தடிமனுக்கு அமுக்கினால் கணக்கில் 450 கிராம்தான் வரும். சேலையின் எடைக்கு மட்டும் கொடுத்தால் போதும். உள்கவர் மழைக்கும் காவல்.

அப்புறம், டேப் ஒட்டும் பக்கம் சேலைக்கு மேல் ஓர் அட்டைத் துண்டு வையுங்கள். வாங்கியவர் பிளேடால் கிழிக்கும்போது முதல் மடிப்பு தப்பும். இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ஜரிகை போட்ட பட்டுக்கு இது ஆகாது. அமுக்கினால் ஜரிகை மடிப்பில் ஒடியும். பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியில்தான் அனுப்ப வேண்டும். கல், கண்ணாடி வேலைப்பாடு உள்ளவையும் அப்படித்தான்.