வெளிநாட்டுக் கிராமத்தில் தன்னார்வலராகத் தங்கப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டில் ஒரு சின்ன ஊருக்குத் தன்னார்வலராகப் போகிறவர்கள் செய்யப்போகிற வேலைக்குத்தான் தயாராகிறார்கள். அங்கே போனபின் நாளில் பாதியைத் தின்பது தண்ணீரும் துணி துவைப்பதும் வாசலில் வந்து நிற்கும் ஆட்களும். அதை யாரும் சொல்லித்தருவதில்லை.

முதலில் தண்ணீர். குழாய் இருந்தாலும் தினமும் வரும் என்று நம்பாதீர்கள். மூடி போட்ட பாத்திரம் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், குடிப்பதற்கு ஒன்று, மற்றதற்கெல்லாம் ஒன்று, மாற்றிப் புழங்கக் கூடாது. கலங்கலாக இருந்தால் துணியில் வடிகட்டிவிட்டு, தளதளவென்று கொதி வந்தபின் 1 நிமிடம் விடுங்கள். 2000 மீட்டருக்கு மேலே உள்ள மலையூர் என்றால் 3 நிமிடம், ஏனென்றால் உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். சாயந்திரமே காய்ச்சி மூடி வைத்தால் காலையில் ஆறியிருக்கும். குடிதண்ணீரில் கையோ டம்ளரோ விடாமல் அடியில் குழாய் வைத்த பாத்திரமாகப் பார்த்து வாங்குவது நல்லது, காய்ச்சிய தண்ணீர் கெட்டுப்போவது பெரும்பாலும் மொள்ளும்போதுதான்.

இவ்வளவு செய்தும் ஒருநாள் வயிற்றால் போகும். உப்புக்கரைசல் பாக்கெட் கைவசம் இல்லையென்றால், 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு மட்டும் அந்த அளவைத் தாண்டவே கூடாது. மலேரியா உள்ள பகுதியில் காய்ச்சல் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று படுக்காமல் அன்றே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். நாய் கடித்தால் சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே தடுப்பூசிக்குக் கிளம்ப வேண்டும். அந்த ஊசி எந்த ஊரில் கிடைக்கும், ராத்திரியில் அங்கே போக வண்டி யாரிடம் இருக்கிறது என்பதை முதல் வாரத்திலேயே விசாரித்து எழுதி வையுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவைப்படும் நாடாக இருந்தால் கடைசி நேரத்துக்குத் தள்ளாதீர்கள், போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும்.

அடுத்தது ஆட்கள். நீங்கள் எங்கே போகிறீர்கள், என்ன வாங்குகிறீர்கள் எல்லாம் ஊருக்கே தெரியும். வேவு பார்ப்பதாக நினைத்துப் புழுங்க வேண்டாம், சின்ன ஊர் என்றால் அப்படித்தான், உடம்பு முடியாமல் கிடந்தால் முதலில் கதவைத் தட்டப்போவதும் அவர்களே. எதிரில் வருகிற எல்லோரிடமும் முகம் கொடுத்துப் பேசுங்கள். கதவு திறந்திருந்தால் வரலாம், சாத்தியிருந்தால் வரக்கூடாது என்பதை ஆரம்பத்திலேயே குழந்தைகளுக்குப் பழக்கிவிடுங்கள், அப்புறம் மாற்ற முடியாது. கடனும் அப்படித்தான்: ஒருவருக்குக் கொடுத்தால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். எல்லோரும் பங்கு போடுகிற பொதுக் காரியத்துக்கு நீங்களும் போடுங்கள், தனி ஆளுக்குப் பணம் தருவதில்லை என்று சிரித்தபடியே சொல்லிவிடுங்கள்.

மொழிக்குக் குழந்தைகளைவிட நல்ல வாத்தியார் கிடையாது, தப்பாகச் சொன்னால் கூச்சமே இல்லாமல் திருத்துவார்கள். வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்ப 1961-ல் தொடங்கிய அமெரிக்க அரசின் பீஸ் கார்ப்ஸ் அமைப்பு 2 வருட வேலைக்கு முன்னால் சுமார் 3 மாதம் பயிற்சி தருவதும், பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கவைப்பதும் சும்மா இல்லை.

திட்டம் எதையும் வந்ததும் வராததுமாக ஆரம்பிக்காதீர்கள். அடிபம்பு போட்டுத் தரலாம் என்று தோன்றும். சரி, உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்தால் யார் கழற்றுவார், புது வாஷர் எந்தக் கடையில் கிடைக்கும், அதற்கான காசு யாரிடம் இருக்கும்? இந்த மூன்றுக்கும் ஊர்க்காரர்களே பதில் சொல்கிறவரை பம்பு வேண்டாம். அதுவரை அவர்களோடு தண்ணீர் எடுக்கப் போங்கள், பழைய பம்பு ஏன் நின்றது என்ற கதை அங்கேதான் காதில் விழும்.

தனிமை சாயந்திரத்தில்தான் பிடிக்கும். வீட்டுக்குப் பேச வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள், நாள் முழுக்கப் போனில் இருந்தால் மனசு இங்கேயும் இருக்காது, அங்கேயும் இருக்காது. கரண்ட் இருக்கும்போதே டார்ச்சையும் போனையும் சார்ஜ் போட்டுவிடுங்கள்.

கிளம்பும் தேதியை இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். விட்டுப்போகும் சாமான் யாருக்கு எது என்று கூட வேலை பார்ப்பவரிடம் எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் கடைசி வாரம் முழுக்க நாற்காலியையும் அடுப்பையும் பற்றிய பஞ்சாயத்திலேயே போய்விடும்.