ஷேர்பாயிண்ட் வொர்க்ஃப்ளோவிலிருந்து பவர் ஆட்டோமேட்டுக்கு: எங்கே சறுக்குகிறது?

ஷேர்பாயிண்ட் ஆன்லைனில் (அலுவலகக் கோப்புகளையும் பட்டியல்களையும் வைக்கும் மைக்ரோசாஃப்ட் தளம்) ஒப்புதல் போன்ற வேலைகளைத் தானாக நகர்த்தும் 2010 வகை வொர்க்ஃப்ளோக்களை மைக்ரோசாஃப்ட் 2020 நவம்பர் 1 முதல் நீக்கத் தொடங்கியது. 2013 வகைக்கு மைக்ரோசாஃப்ட் நிர்ணயித்த கடைசி நாள் 2026 ஏப்ரல் 2. விடுப்பு, கொள்முதல், பயணச் செலவு, ஒப்பந்தப் புதுப்பிப்பு என்று வருடக்கணக்கில் யாரும் தொடாமல் ஓடிய வேலைகள் எல்லாம் மைக்ரோசாஃப்ட்டின் புதிய தானியக்கக் கருவியான பவர் ஆட்டோமேட்டுக்கு வந்தாக வேண்டும். பலரும் பழைய படிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அப்படியே புதிய இடத்தில் கட்டுகிறார்கள். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

பழைய இன்ஜின் காத்திருக்கும். மாதக்கணக்கில் ஓரிடத்தில் நின்று, நாள் வந்ததும் மறுபடி நகரும். பவர் ஆட்டோமேட்டில் கட்டும் வேலைக்கு ஃப்ளோ என்று பெயர். அது ஒருமுறை ஓடும் ஓட்டத்தின் ஆயுள் அதிகபட்சம் 30 நாள். அதற்குள் முடியாத ஒப்புதலும் டைம் அவுட் ஆகிவிடும். ஆகவே ஒரு வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற தகவலை ஃப்ளோவுக்குள் வைக்கக் கூடாது. லிஸ்ட்டில் (ஷேர்பாயிண்ட்டில் தரவு இருக்கும் அட்டவணை) ஒரு ‘நிலை’ நெடுவரிசையில் வைக்க வேண்டும். கீழே வரும் தவறுகளில் பலவும் இதை மறப்பதால் வருபவை.

ஒப்பந்தப் புதுப்பிப்பை எடுத்துக்கொள்வோம். பழைய வொர்க்ஃப்ளோ, ஒப்பந்தம் பதிவானதும் தொடங்கி, ‘முடிவு நாளுக்கு 60 நாள் முன்பு வரை நில்’ என்று நிற்கும். இதையே ‘டிலே அன்டில்’ (குறித்த நாள் வரை நிற்கும் படி) போட்டுக் கட்டினால், சோதனையில் இரண்டு நாள் கழித்து வரும் தேதி கொடுத்துப் பார்ப்பார்கள், ஒழுங்காக ஓடும். உண்மையான ஒப்பந்தத்துக்கு ஓராண்டு இருக்கும். 30-ஆம் நாள் ஓட்டம் செத்துவிடும், நினைவூட்டல் போகாது. நினைவூட்டல் வராததை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள், ஒப்பந்தம் காலாவதியாகும் வரை.

சரியான வழி, தினமும் காலை ஒருமுறை ஓடும் ஃப்ளோ. முடிவு நாள் ‘இன்று + 60’ அல்லது அதற்கு முன்பு, ‘நினைவூட்டல் அனுப்பியது’ என்ற நெடுவரிசை ‘இல்லை’: இந்த இரண்டுக்கும் பொருந்தும் வரிகளை மட்டும் எடுத்து, மின்னஞ்சல் அனுப்பி, ‘ஆம்’ என்று மாற்ற வேண்டும். நிபந்தனையில் ‘சமம்’ போடாதீர்கள். ஒருநாள் ஓட்டம் தவறினால் அன்றைய ஒப்பந்தங்கள் நிரந்தரமாக விட்டுப்போகும். ‘சமம் அல்லது குறைவு’ என்றால் மறுநாள் ஓட்டம் பிடித்துக்கொள்ளும்.

இதே ஃப்ளோவில் இன்னும் இரண்டு குழிகள் உண்டு. லிஸ்ட் வரிகளை எடுக்கும் ‘கெட் ஐட்டம்ஸ்’ படி முன்னிருப்பாக 100 வரிகளை மட்டுமே தரும். பேஜினேஷனை (மீதி வரிகளையும் பக்கம் பக்கமாக எடுக்கும் அமைப்பு) ஆன் செய்யாவிட்டால் 101-வது ஒப்பந்தம் கண்ணில் படாது. லிஸ்ட்டில் 5,000 வரி தாண்டினால், வடிகட்டும் நெடுவரிசைக்கு இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அமைப்பு) தேவை. அதைத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். அடுத்தது நேரம். ஃப்ளோவுக்குள் ‘இப்போது’ என்றால் யூடிசி நேரம், அதாவது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரம். இந்திய நேரம் அதிகாலை 5 மணிக்கு ஓடவிட்டால், ஃப்ளோவைப் பொறுத்தவரை அது முந்தைய நாள் இரவு 11:30. எல்லாக் கணக்கும் ஒருநாள் பின்தங்கும். தொடங்கும் நேரத்தை மட்டும் இந்திய நேரத்துக்கு மாற்றினால் போதாது. தேதிக் கணக்குக்கு முன்னால் ‘கன்வர்ட் டைம் ஸோன்’ படியும் வேண்டும்.

ஒப்புதலில் காத்திருக்கும் படிக்கு டைம் அவுட் நீங்களே கொடுங்கள். அந்தப் படியின் செட்டிங்ஸில் ‘பி7டி’ என்று ஆங்கில எழுத்தில் இட்டால் ஏழு நாள். அடுத்து ஒரு கிளை போட்டு, அதன் ‘ரன் ஆஃப்டர்’ அமைப்பில் ‘டைம் அவுட் ஆனது’ என்பதை மட்டும் டிக் செய்து, மேலதிகாரிக்கு அனுப்புங்கள். இது இல்லாவிட்டால் மேலாளர் நீண்ட விடுப்பில் போகும்போது கோரிக்கை அநாதையாகிவிடும்.

2013 வகை வொர்க்ஃப்ளோவில் ஒரு கட்டத்திலிருந்து முந்தைய கட்டத்துக்குத் தாவ முடிந்தது. பவர் ஆட்டோமேட்டில் அப்படித் தாவ வழி இல்லை. அதை ஈடுகட்ட ஒரு பெரிய ‘டூ அன்டில்’ (நிபந்தனை நிறைவேறும் வரை திரும்பத் திரும்ப ஓடும்) சுற்றுக்குள் எல்லாவற்றையும் திணிப்பது வழக்கமான தவறு. அந்தச் சுற்று முன்னிருப்பாக 60 முறை அல்லது ஒரு மணி நேரத்தில் நின்று, பிழை எதுவும் காட்டாமல் அடுத்த படிக்குப் போய்விடும். ஒப்புதல் கிடைக்காத கோரிக்கை ஒப்புதல் பெற்றதுபோல் நகரும். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சிறிய ஃப்ளோ வைப்பதே மேல். நிலை மாறும்போது அதற்குரியது எழுந்து, தன் வேலையை முடித்து, நிலையை மாற்றிவிட்டு நிற்கும்.

இப்படிக் கட்டும்போது ட்ரிக்கர் கண்டிஷன் (ஃப்ளோவை எழுப்பும் நிகழ்வுக்கு வைக்கும் நிபந்தனை) கட்டாயம். ‘உருவாக்கினாலோ மாற்றினாலோ’ என்ற ட்ரிக்கரில் தொடங்கும் ஃப்ளோ அதே வரியைத் திருத்தினால், அந்தத் திருத்தமே அதை மறுபடி எழுப்பும். ஃப்ளோவை ஷேர்பாயிண்ட்டோடு இணைக்கும் கனெக்டருக்கு, ஒருவர் கணக்கில் உள்நுழைந்த ஒரு கனெக்‌ஷன் வழியாக நிமிடத்துக்கு 600 அழைப்பு என்ற வரம்பு உண்டு. சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு ஃப்ளோ, அதே கனெக்‌ஷனில் ஓடும் மற்றவற்றையும் திணறடிக்கும். நிபந்தனையை ஃப்ளோவுக்குள் முதல் படியாக வைத்தாலும் ஓட்டம் கணக்கில் சேரும். ட்ரிக்கரின் செட்டிங்ஸில் வைத்தால்தான் எழவே எழாது.

வரிசை எண்ணில் கவனம் தேவை. தனி லிஸ்ட்டில் கடைசி எண்ணைப் படித்து ஒன்று கூட்டும் பழைய முறையை அப்படியே கொண்டுவந்தால், ஒரே நேரத்தில் வரும் இரண்டு கோரிக்கைகளுக்கு ஒரே கொள்முதல் ஆணை எண் விழும். வரியின் சொந்த ஐடியிலிருந்தே எண்ணை உருவாக்கினால் இந்தத் தொல்லை இல்லை.

ஃப்ளோ யாருடைய கனெக்‌ஷனில் ஓடுகிறதோ அவர் பெயர்தான் ‘கடைசியாக மாற்றியவர்’ என்று பதியும். தணிக்கையில் கேள்வி வரும் இடம் இது. ஒப்புதல் தந்தவர் பெயர், நேரம், குறிப்பு மூன்றையும் தனி நெடுவரிசைகளில் எழுதிவைக்க வேண்டும். ஓட்ட வரலாறு 28 நாள்தான் நிற்கும் என்பதால் அதை நம்பவும் முடியாது. கட்டியவரின் சொந்தக் கணக்கில் விடுவது இன்னும் மோசம். அவர் வேலையை விட்டுப் போன பின் அந்தக் கணக்கை மூடினால் கனெக்‌ஷன் அறுந்து எல்லாம் நிற்கும். லைசென்ஸ் உள்ள ஒரு சர்வீஸ் அக்கவுண்ட் (தனி நபருடையதல்லாத கணக்கு), அதன் பெயரில் கனெக்‌ஷன், சொல்யூஷன் என்ற தொகுப்புக்குள் ஃப்ளோ, குறைந்தது இரண்டு உரிமையாளர்கள்: முதல் ஃப்ளோவிலிருந்தே இப்படி வையுங்கள்.

செலவைக் கடைசியில் பார்க்காதீர்கள். 2013 வகை வொர்க்ஃப்ளோவில் வெளி வெப் சர்வீஸை அழைக்கத் தனிக் கட்டணம் இல்லை. பவர் ஆட்டோமேட்டில் அதைச் செய்யும் ‘ஹெச்டிடிபி’ படி பிரீமியம், அதாவது கூடுதல் லைசென்ஸ் வேண்டும். ஷேர்பாயிண்ட்டையே அழைப்பதென்றால் ‘செண்ட் அன் ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட் டு ஷேர்பாயிண்ட்’ என்ற சாதாரணப் படி போதும். எத்தனை வொர்க்ஃப்ளோ வெளியே பேசுகின்றன என்று எண்ணிவிட்டு லைசென்ஸ் கேளுங்கள்.

அந்தக் கணக்கெடுப்புக்கு மைக்ரோசாஃப்ட் 365 அசெஸ்மென்ட் டூல் இருக்கிறது. ஆனால் அதன் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை. கடைசியாக எப்போது ஓடியது என்று பார்த்தால் பாதி கழியக்கூடும். பாதியில் நிற்கும் கோரிக்கைகளை இடம்மாற்றும் கருவிகள் கொண்டுவராது. அவற்றை வொர்க்ஃப்ளோ வரலாற்று லிஸ்ட்டிலிருந்து எடுத்து, சரியான நிலையைக் கையால் இட்டு, புதிய ஃப்ளோவில் விட வேண்டும்.

சோதனைக்கு நல்ல தரவை மட்டும் கொடுக்காதீர்கள். ஒப்புதல் தருபவர் காலியாக உள்ள வரி, வேலையை விட்டுப் போனவர் பெயர் உள்ள வரி, இருமுறை நிராகரித்துத் திரும்பி வந்தது, ஒரே நிமிடத்தில் வந்த இரண்டு கோரிக்கைகள், இணைப்புக் கோப்பை ஏற்றி முடியும் முன்பே ஃப்ளோ எழுந்துவிட்ட வரி: இந்த ஐந்தையும் ஓட்டிப் பார்த்த பிறகே பழையதை நிறுத்துங்கள்.