மேலிடத்துக்குப் புகார்: கவரை ஒட்டுவதற்கு முன்

சேலத்தில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வராத சரக்குக்கு பில் பாஸ் ஆவதைப் பார்த்துவிட்டு மின்னஞ்சலில் புகார் அனுப்பினேன். பத்தே நாளில் என் பெயர் செக்‌ஷன் முழுக்கத் தெரிந்துவிட்டது. இரண்டாவது முறைதான் ஒழுங்காகச் செய்தேன். ரிட்டயர்டு ஆகிவிட்டதால் இப்போது தைரியமாக எழுதுகிறேன்.

ஊழலைப் புகார் செய்பவரைப் பாதுகாக்க 2014-இல் ஒரு சட்டம் வந்ததே என்பீர்கள். குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தும் அது அமலுக்கு வரவில்லை. கைகொடுப்பது, புகார் கொடுப்பவரின் பெயரை ரகசியமாக வைக்கும் 2004 ஏப்ரல் மாத மத்திய அரசுத் தீர்மானம்தான், ஆங்கிலச் சுருக்கத்தில் பிஐடிபிஐ (PIDPI) என்பார்கள். தங்க நாற்கரம் என்ற தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்தின் முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். 2003 நவம்பரில் கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகு வந்தது இது.

புகார் மூடிய கவரில், தபாலில், டெல்லியில் இருக்கும் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் செயலாளருக்குப் போக வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் பாதுகாப்பு கிடையாது. மற்ற அதிகாரிகளுக்கும் நகல் அனுப்பாதீர்கள். கவர் மேல் பிஐடிபிஐ என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதுங்கள். உங்கள் பெயரும் முகவரியும் கவரில் எங்கும் வேண்டாம். கவுன்டரில் அனுப்புநர் முகவரி கேட்டு மல்லுக்கு நின்றார்கள். இந்தக் கவர்களுக்கு அதைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று தபால்துறையே உத்தரவு போட்டிருக்கிறது, சொல்லுங்கள். ஸ்டேப்ளரை நம்பாதீர்கள். பசை போட்டு ஒட்டி, மேலே டேப்பும் ஒட்டுவதே என் வழக்கம்.

உள்ளே பெயர் கட்டாயம். மொட்டைக் கடிதாசியை எடுக்க மாட்டார்கள். பெயர், முகவரியைத் தனித்தாளில் வையுங்கள்.

சறுக்குகிற இடம் புகாரின் வாசகம்தான். பெயரை நீக்கிவிட்டு அதைத்தான் விசாரணைக்கு அனுப்புவார்கள். 'போன மார்ச்சில் இந்த பில்லை நான்தான் திருப்பி அனுப்பினேன்' என்று முதலில் எழுதியிருந்தேன். திருப்பியது யார் என்று ரிஜிஸ்டரைப் புரட்டினால் தெரியாதா? 'நான்' வருகிற வரிகளை எல்லாம் அடித்தேன். பில் எண், தேதி, தொகை மட்டும் மிஞ்சின. அப்புறம் ஜெராக்ஸைப் பார்த்தால் ஓரத்தில் என் பச்சை மை டிக்கின் நிழல்! ஆர்டிஐயில் உங்கள் பெயரில் வாங்கிய நகலும் அப்படித்தான், காட்டிக் கொடுத்துவிடும்.

சரி, அனுப்பியாயிற்று. ரசீது எதுவும் வராது. புகார் உங்களுடையதுதானா என்று கேட்டு ஒரு கடிதம் வரும். 30 நாளுக்குள் பதில் போட வேண்டும். எனக்கு வந்தபோது மே மாதம், ஏற்காட்டில் அக்கா வீட்டில் இருந்தேன். இறங்கி வந்து பார்த்தால் பதினெட்டு நாள் போயிருந்தது. எனவே ஊரில் இருக்கிற நேரம் பார்த்து அனுப்புங்கள். வீட்டு முகவரிதான் கொடுக்க வேண்டும், அலுவலக முகவரி கூடவே கூடாது.

அதன் பிறகு யாராவது தொல்லை கொடுத்தால் ஆணையத்துக்கே எழுதலாம். துறைக்கு அவர்கள் உத்தரவிட முடியும். இன்கிரிமென்ட், டிரான்ஸ்ஃபர் மனக்குறைகளை இதில் சேர்க்காதீர்கள்.

பின்சேர்க்கை: ஏற்காடு தாலுகா அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி, தானும் இப்படி அனுப்பலாமா என்று கேட்டிருந்தார். முடியாது தம்பி. ரயில்வே, உருக்காலை, தபால் என்று மத்திய அரசின் கீழ் நடக்கும் விவகாரங்களுக்குத்தான் இது. மாநில அலுவலக விவகாரம் என்றால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்துக்குப் போக வேண்டும். அங்கே இந்தக் கவர் செல்லாது.